சும்மா கொழும்புக்கு

“கொழும்புக்கா? என்னத்துக்கு?”

எங்களில் ஒருத்தியின் உம்மும்மா கேட்டது. பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கல்ல. “சும்மா” என்றோம். “சும்மா போற இடமா புள்ள அது?” என்று திரும்பக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். அதோடு பேச்சு முடிஞ்சுது.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். கற்பிட்டிப் பக்கத்தில் இருந்து யாரும் கொழும்புக்குச் சும்மா போவதில்லை. பாஸ்போர்ட் எடுக்க பத்தரமுல்லைக்குப் போவோம். புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் மஹரகமவுக்குப் போவோம். வெளிநாட்டு ஏஜென்சிக்கு மெடிக்கல் எடுக்கப் போவோம். கட்டாருக்கோ சவூதிக்கோ போறவங்களை ஏற்றிவிட கட்டுநாயக்கவுக்குப் போவோம் (அது கொழும்பே இல்லை, ஆனாலும் ஊரில் அதுக்கும் பெயர் கொழும்புதான்). விடிய முந்திப் போய், வேலையை முடித்து, பதற்றத்தோடு கடைசி பஸ்ஸைப் பிடித்து வருவோம். உம்மும்மா தன் வாழ்க்கையில் கொழும்புக்குப் போனது இரண்டே தடவை. ஒன்று மூத்தாப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம். மற்றது அவருடைய கண் ஒப்பரேஷனுக்கு. கொழும்பில் என்ன பார்த்தீங்க என்று கேட்டால் “வார்டு” என்பார்.

எங்கள் பக்கம் வருகிறவர்கள் அப்படி இல்லை. நவம்பர் தொடங்கினால் டொல்பின் பார்க்க வருவார்கள். மே மாதத்தில் இருந்து காற்று மாற, பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு களப்பில் அலைச்சறுக்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். கொழும்புக்காரர்களும் வான் பிடித்து ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் யாரும் என்னத்துக்கு வந்தீங்க என்று கேட்பதில்லை. சும்மா வருவதற்கு அவர்களுக்கு ஒரு உரிமை இருக்கிற மாதிரியும், எங்களுக்கு அது இல்லாத மாதிரியும் ஒரு நினைப்பு. அந்த நினைப்புத்தான் எங்களைக் கிளப்பியது என்று வையுங்களேன்.

பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாலு பேர் நாங்கள். நாலு பேரும் பெண்பிள்ளைகள் என்பதால் காவலுக்கு ஒரு தம்பியையும் சேர்த்து அனுப்பினார்கள். அவனுக்கு வயது பதினாலு. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் தூங்கினான்.

கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போன முதல் ஆட்கள் நாங்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேணும். 1344இல் இப்னு பதூதா மாலைதீவில் இருந்து மஃபருக்குப் போகப் புறப்பட்டு, காற்று இழுத்துக்கொண்டு வந்து இறங்கியது ‘பத்தாலா’ என்ற ஊரில். அது புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, முத்துகளைப் பார்த்து, பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அரசர் பல்லக்கும் ஆளும் கொடுத்து அனுப்பிவைத்தார். மலை ஏறி, தேவேந்திரமுனை, காலி என்று சுற்றி, கொழும்பையும் பார்த்து, அது இந்தத் தீவின் அழகான பெரிய ஊர்களில் ஒன்று என்று எழுதி வைத்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடி புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். பாஸ்போர்ட் வேலையும் இல்லை, ஆஸ்பத்திரி வேலையும் இல்லை. இதை உம்மும்மாவிடம் சொன்னோம். “அவர் ஆம்புள” என்றார்.

விடிய நாலு மணிக்குப் புறப்பட்டோம். பாலாவிச் சந்தியில் 4ஆம் நம்பர் பஸ். புத்தளத்தில் இருந்து கொழும்பு கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர்தான். ஆனால் முந்தல், சிலாபம், மாரவில, நீர்கொழும்பு என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று ஆள் ஏற்றி, நீர்கொழும்பு தாண்டியதும் டிரபிக்கில் மாட்டி, புறக்கோட்டையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை பிடித்தால் இடது பக்கத்தை விட்டுவிடுங்கள். வலது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கடல் இருக்கும். அதுவும் கண்ணில் படுவது இடைக்கிடை, தென்னைக்கு நடுவில்.

புறக்கோட்டையில் நாங்கள் முதலில் போனது எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாத இடத்துக்கு. நான்காம் குறுக்குத் தெரு. எங்களில் ஒருத்தியின் வாப்பா ஆலங்குடாவில் வெங்காயமும் மிளகாயும் போடுறவர். ஒவ்வொரு நாளும் காலையில் இந்தத் தெருவில் இருந்து அவருக்குக் கோல் வரும். இன்றைக்கு கிலோ என்ன விலை என்று. அந்த விலையை அவள் ஏழாம் வகுப்பில் இருந்து கொப்பியில் எழுதி வருகிறாள். கோல் வந்த அன்று வாப்பாவின் முகத்தைப் பார்த்தே விலையைச் சொல்லிவிடுவாள். தெருவை மட்டும் பார்த்ததே இல்லை.

பார்த்தால் ஒரு ஒடுங்கிய தெரு. இரண்டு பக்கமும் மூட்டைகள். நாட்டாமிமார் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே ஓடுகிறார்கள், விலகாவிட்டால் இடித்துத் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். கருவாட்டு வாசம் எங்கள் ஊர் வாசமேதான். அவள் ஒரு கடைக்கு முன்னால் நின்று சின்ன வெங்காயம் கிலோ என்ன விலை என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். காலையில் வாப்பாவுக்குச் சொன்ன விலை அவளுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் அந்த விலையையும் போனில் எழுதிக்கொண்டாள். அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் எல்லாரும் பேசாமல்தான் நடந்தோம்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி. ஜாமிஉல் அல்பார் என்பது பெயர், நம்மட ஆட்கள் சம்மாங்கோட்டார் பள்ளி என்பார்கள். இந்தியாவில் இருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தது. வரைபடம் போட்டவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. சிவப்பும் வெள்ளையுமாக, மாதுளம்பழத்தைப் பிளந்து அடுக்கிவைத்த மாதிரி. முந்திக் கப்பலில் வருகிறவர்கள் இதைக் கண்டுதான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிவார்களாம். வெளிநாட்டுப் பெண்களுக்குத் தலையில் போடத் துணி கொடுத்து உள்ளே விட்டார்கள். எங்களில் மூன்று பேருக்கு அந்தத் துணி தேவைப்படல்ல. நாலாவது ஆள் தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு வருசம் தவறாமல் போகிறவள், அவள் எங்களிடம் இரவல் சால்வை வாங்கிப் போட்டுக்கொண்டாள். வாசலில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்து “எந்த ஊர் புள்ளைகள்?” என்றார். கற்பிட்டி என்றதும், “யாரையாச்சும் ஆஸ்பத்திரியில் வச்சிருக்கா?” என்று கேட்டார்.

அடுத்தது நூதனசாலை. கோட்டையில் இருந்து 138ஆம் நம்பர் பஸ். அந்த நம்பர் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அது மஹரகம பஸ். மூடிய பைலும் ஸ்கேன் கவருமாக அதில் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களில் ஒருத்திக்கு அந்த பஸ்ஸில் ஏறும்போது முகம் மாறிவிட்டது. அவளுடைய சாச்சியோடு எட்டு மாசம் இதே பஸ்ஸில் போய்வந்தவள் அவள். சாச்சி இப்போது இல்லை. நகர மண்டபம் தாண்டி நூதனசாலைக்கு என்று இறங்கியபோது, “இந்த இடத்தால எத்தனை தரம் போயிருக்கேன், இங்க இறங்கலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது” என்றாள்.

நூதனசாலை 1877இல் திறந்தது, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலம். வெள்ளைக் கட்டடம், முன்னால் ஒரு பெரிய ஆலமரம். இதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார், கொழும்புச் சோனகர். வேலை முடிந்ததும் என்ன கௌரவம் வேணும் என்று ஆளுநர் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவையுங்கள் என்று மட்டும் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கட்டடத்தைப் பார்த்தால் அவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கேட்டிருக்கலாம்.

உள்ளே அரச சிம்மாசனம், வாள், முகமூடி என்று நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் நொந்துபோகும். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நட்டது, அதில் உள்ள திகதி 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேவேந்திரமுனை விஷ்ணுவான தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. மூன்று பேருக்கும் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து தேய்ந்துபோய், தமிழ் எது என்று தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. தம்பி முதலில் விழித்துக்கொண்டது இங்கேதான். “அப்ப தமிழ்ல எழுதினா அந்தக் காலத்துல கொழும்பு காலி பக்கமெல்லாம் வாசிப்பாங்களா?” என்று கேட்டான். அன்று காலையில் இருந்து வழி கேட்ட இடமெல்லாம் சிங்களத்தில் திக்கித் திணறிய அவனுக்கு அது பெரிய விசயமாகத்தான் இருந்திருக்கும்.

நடுவில் குளிர் காய்வதற்காக ஒரு பெரிய ஷொப்பிங் மோலுக்கும் போனோம். வாசலில் எங்கள் பைகளை மட்டும் இரண்டு தடவை கிண்டிப் பார்த்தார்கள். 2019க்குப் பிறகு இது பழகிவிட்டது, ஆனாலும் பின்னால் வந்த வேறு பிள்ளைகளின் பை திறக்கப்படாமல் போனதைக் கவனிக்காமல் இருக்கவும் முடியல்ல. அங்கே ஒரு ஐஸ்கிரீமின் விலை எங்கள் பஸ் காசு. வெளியே வந்துவிட்டோம்.

தாமரைக் கோபுரத்துக்குப் பின்னேரம் போனோம். 350 மீட்டர் உயரம். 2022 செப்டெம்பரில்தான் சனங்களுக்குத் திறந்தார்கள், நாடு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த வருசம். இந்தக் கோபுரத்தைப் பற்றி எவ்வளவு கிண்டல் பண்ணினாலும் ஏறிப் பார்க்க வேணும் என்ற ஆசை எங்கள் எல்லாருக்கும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. லிப்டில் காது அடைத்துக்கொண்டது. மேலே போனதும் முதலில் நாங்கள் செய்தது, எங்கள் ஊர் தெரிகிறதா என்று வடக்கே பார்த்தது. தெரியாது என்று தெரியும். களனி கங்கை கடலில் விழுகிற இடம், மட்டக்குளிப் பக்கத்துக் கூரைகள், அதுக்கு அப்பால் மங்கலாகக் கரை. மேற்கில் துறைமுகம், கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர் துறைமுக நகரம். கீழே பேரவாவி, பச்சைத் தண்ணீர்.

பிறகு கிழக்குப் பக்கம் வந்தோம். அங்கே ஒரு கொழும்புக் குடும்பம் நின்றது. அந்தத் தாத்தா எங்களோடு தமிழில் கதைத்தார், நல்ல மாதிரி. எந்த ஊர் என்றார். புத்தளம் பக்கம் என்றோம். “ஆ, குப்பை போடுற இடமா?” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்த புத்தளம் அதுதான். அவருடைய கைக்கு நேரே, கொலன்னாவைப் பக்கம், மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புதுவருச நாள், அங்கே கொழும்பின் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதுக்குப் பிறகு குப்பையை எங்கே கொண்டுபோவது என்று தேடியவர்களுக்குக் கிடைத்த இடம், எங்கள் மாவட்டத்தில் வண்ணாத்திவில்லுப் பக்கத்து அருவக்காடு. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்த குழிகள், பக்கத்தில் வில்பத்துக் காடு, மற்றப் பக்கம் களப்பு. சுமார் 170 கிலோமீட்டர் ரயிலில் கொண்டுவருவது திட்டம். 2018 செப்டெம்பரில் இருந்து புத்தளத்தில் நூறு நாளுக்கு மேல் சனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், முஸ்லிம், தமிழர், சிங்களவர் எல்லாரும். நாங்களும் ஸ்கூல் விட்டு வரும்போது போய் உட்கார்ந்திருக்கிறோம். 2019இல் குப்பை வந்தது.

அந்தத் தாத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களில் கொஞ்சம் வாய்க்காரி சொன்னாள்: “ஓம் தாத்தா. உங்கட குப்பை எங்கட ஊருக்கு வருது. எங்கட ஊர்க் கரண்ட் உங்கட ஊருக்கு வருது.” அவர் ஒரு நிமிசம் முழித்துவிட்டுச் சிரித்தார். நுரைச்சோலையா என்று கேட்டார். ஓம், நுரைச்சோலை. மூன்று இயந்திரங்கள், 900 மெகாவாட், இந்த நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம். அது பழுதானால் கொழும்பு இருட்டில் கிடக்கும், அதனால் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதன் நிலக்கரித் தூசியைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் அந்தக் கரையில் இருக்கிறவர்கள் வருசக்கணக்காகச் சொல்வதுதான் இங்கே வரைக்கும் கேட்பதில்லை. தாத்தாவுடைய மகள் எங்களைச் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தாள். இறங்கும்போது, “புள்ளைகள், டொல்பின் பார்க்க வாற நேரம் எங்க சாப்பிடலாம்?” என்று கேட்டார். நல்ல இடம் சொல்லிக் கொடுத்தோம்.

கடைசியாகக் காலிமுகத்திடல். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் வேறு எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். காசே வேண்டாம். ஆகஸ்ட் காற்று, பிளாஸ்டிக் பட்டங்கள், கலர் கலராக. எங்கள் களப்பில் பறக்கிற பட்டத்துக்கு முன்னால் இதெல்லாம் குஞ்சு. ஆளுநர் ஹென்றி வார்ட் இந்த நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை விட்டுவையுங்கள் என்று பின்னால் வரும் ஆளுநர்களுக்குச் சொல்லி ஒரு கல்லும் வைத்திருக்கிறார். நாங்கள் பெண்கள், தம்பி பிள்ளை, கொழும்பு மட்டும்தான் இடிக்கிறது. உட்கார்ந்தோம்.

2022இல் நாடே வந்து கூடாரம் அடித்த இடம் இது. அதுக்கு மூன்று வருசம் முந்தி, அருவக்காட்டுக் குப்பைக்கு எதிராக எங்கள் ஊர்ச் சனங்களும் பஸ் பிடித்து இங்கே வந்தார்கள். வெங்காயக்காரியின் வாப்பாவும் அதில் வந்தவர். கறுப்புச் சேர்ட் போட்டு வந்தது, வெயில், கோஷம் போட்டுத் தொண்டை அடைத்தது எல்லாம் சொல்வார். கடல் எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொன்னதே இல்லை. அவள் கோல் எடுத்துக் கேட்டாள். “கடலா? அந்தப் பக்கம் பார்க்கல்லயே புள்ள” என்றார்.

இன்னொருத்தியின் வாப்பாவுக்கும் கோல் போட்டோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பம் அவர்களுடையது. புத்தளத்துக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகியும் ‘டவுன்’ என்றால் அவருக்கு யாழ்ப்பாணம்தான். புறக்கோட்டை எப்படி என்று கேட்டார். சனம், கடை, சத்தம் என்றாள். “அப்ப எங்கட ஐந்துசந்தி மாதிரி” என்றார்.

இறால் வடை வாங்கினோம். வடையின் மேல் இறால் தலையோடு, மீசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வெங்காயமும் மிளகாய்ச் சம்பலும் தூவித் தருவார்கள். இறால் எங்கே இருந்து வருகிறது என்று கேட்டோம். சிலாபம், புத்தளம் என்றார் வடைக்காரர். வெங்காயம் எங்கே இருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. சூரியன் கடலில் இறங்கியது. எங்கள் ஊரில் இறங்குவதை விட ஒன்றும் வித்தியாசமில்லை, ஆனால் பார்க்க ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திரும்பி பஸ்ஸில் வரும்போது நல்ல இருட்டு. பாலாவியில் இறங்கினால் நானா வேனோடு நின்றார், முகத்தில் சிரிப்பில்லை. கற்பிட்டி ரோட்டில் நுரைச்சோலைப் புகைபோக்கியின் சிவப்பு வெளிச்சம் தூரத்திலேயே தெரிய ஆரம்பித்தது. தம்பி அதைக் காட்டி, “எங்கட தாமரைக் கோபுரம்” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டான்.

உம்மும்மா அந்த நேரத்திலும் விழித்திருந்தார். ஒன்றும் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, நாங்கள் பிளேன்டீ குடிக்கும்போது மெல்லக் கேட்டார், அந்த வடையில் இறால் தலையோடயா போடுறாங்க என்று. ஓம் என்றோம். அவருக்கு அடுத்த மாசம் கண் கிளினிக் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை. காலையில் துண்டு எடுத்தால் பன்னிரண்டு மணிக்கு முந்தி முடிஞ்சிடும்.

“அதுக்குப் பிறகு பஸ்ஸுக்கு நேரம் கிடக்கும்தானே?” என்றார்.